பெருந்தொற்றுக்குப் பிறகு பிழைத்திருப்பவர்களின் நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலை. 2020க்குப் பிறகு என் மேசைக்கு வரும் பிரதிகளில் நிறைய ஒரே சாயலில் இருக்கின்றன. ஏதோ ஒரு கிருமி வருகிறது, உலகம் காலியாகிறது, மிச்சமிருக்கும் ஒரு சிலர் பிழைக்கப் பார்க்கிறார்கள். எழுதுபவர்களும் வாசகர்களும் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவைக்கிறேன்.

கொள்ளைநோய் வந்தாலே அது டிஸ்டோபியா நாவல் ஆகிவிடுமா?

ஆகாது. ஆல்பேர் காம்யு 1947ல் எழுதிய 'பிளேக்' நாவலில் ஓரான் நகரத்தையே பூட்டிவிடுகிறார்கள். ஆட்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். ஆனாலும் நிர்வாகம் நடக்கிறது, டாக்டர் ரியூ நோயாளிகளைப் பார்க்கப் போய்க்கொண்டே இருக்கிறார். அது நோயைப் பற்றிய நாவல், டிஸ்டோபியா அல்ல.

டிஸ்டோபியா என்றால் நோய்க்கு அப்புறமோ நோயைச் சாக்கு வைத்தோ உருவான ஓர் ஏற்பாடு அதில் இருக்க வேண்டும். யாருக்குச் சாப்பாடு, யாருக்கு மருந்து, யார் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏற்பாடு. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது கொடுமை. உள்ளே வாழ்பவர்களுக்கோ வேறு வழியில்லாத நியாயமாகத் தெரியும். எனக்கு வரும் பிரதிகளில் பெரும்பாலும் இந்தப் பகுதியே இருப்பதில்லை. நோய் முடிந்த மறுபக்கமே துப்பாக்கி வந்துவிடுகிறது.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வகை நாவலில் கிருமி முக்கியமில்லை. இத்தனை பேர் போன பிறகு அவர்கள் செய்துவந்த வேலையை யார் செய்வது, யாரைச் செய்ய வைப்பது என்பதுதான் கதை. கீழே உள்ள பதில்களில் முக்கால்வாசி சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

எத்தனை சதவீதம் பேர் செத்தால் உலகம் நின்றுபோகும்?

சதவீதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1347 முதல் 1351 வரை ஐரோப்பாவில் பரவிய பிளேக்கில் மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை செத்தார்கள். ஆனாலும் வயலில் விதைத்தார்கள், வரி வசூலித்தார்கள், கோயில் மணி அடித்தார்கள். சொல்லப்போனால் ஆள் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் கூலி ஏறியது. ஏறவிடக் கூடாது, நோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தில் 1351ல் சட்டமே போட்டார்கள். பாதி ஊரைப் புதைத்துவிட்டு வந்தவனிடம் போன வருஷக் கூலிதான் தருவேன் என்று சொல்லும் சட்டம். டிஸ்டோபியா எழுத விரும்புகிறவர் கிருமியைப் பற்றிப் பத்து நூல்கள் படிப்பதைவிட இந்த ஒரு சட்டத்தைப் பற்றிப் படிக்கலாம்.

1918ன் இன்ஃப்ளுயன்சாவில் உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேர் இறந்ததாகக் கணக்கு. அதிலும் உலகம் நிற்கவில்லை. ஆனால் அந்த நோய் குழந்தைகளையும் முதியவர்களையும் மட்டும் எடுக்காமல் 20 முதல் 40 வயதுக்காரர்களை ஏராளமாகக் கொண்டுபோனது. எத்தனை பேர் என்பதைவிட யார் என்பதுதான் கதைக்கு உதவும். வேலை செய்யும் வயதினர் போன ஊரில் அடுப்பை யார் மூட்டுவது?

இன்னொரு விஷயம். 1348ல் ஒரு கிராமம் தன் தண்ணீரைத் தானே இறைத்தது, தன் தானியத்தைத் தானே அரைத்தது. இன்றைய நகரம் அப்படியில்லை. பத்தில் ஒருவர் ஒரே வாரத்தில் வேலைக்கு வராமல் போனாலே பலதும் தள்ளாடும். ஆகவே 99 சதவீதம் பேரைக் கொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்டீபன் கிங் 1978ல் வந்த 'தி ஸ்டாண்ட்' நாவலில் அப்படிச் செய்தார், அவருக்குக் காலி நிலம் தேவைப்பட்டது. காலி நிலத்தில் எழுதுவது சுலபம், சட்டம் போட ஆள் இல்லை. முப்பது சதவீதம் பேர் மட்டும் போன உலகம் எழுதக் கஷ்டமானது. என் கணக்கில் அதுதான் நல்ல நாவலுக்கு இடம் தரும்.

நோயை எப்படிக் கற்பனை செய்வது? டாக்டரிடம் கேட்க வேண்டுமா?

கேட்டால் நல்லது. அதற்கு முன் ஒரு பொது அறிவு போதும். ஒரு பிரதியில் நோய் தொற்றிய ஆள் அரை மணி நேரத்தில் இரத்தம் கக்கிச் செத்தார். அப்படிப்பட்ட நோய் தெருமுனையைத் தாண்டாது. பரப்புவதற்கு நோயாளி நடமாட வேண்டும், பஸ் ஏற வேண்டும், யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும்.

2003ல் வந்த சார்ஸ் நோயில் சுமார் 8,000 பேர் பாதிக்கப்பட்டு 774 பேர் இறந்தார்கள். கொடிய நோய்தான். ஆனால் அது பெரும்பாலும் நோயாளிக்கு நோய் முற்றிய பிறகே பிறருக்குப் பரவியது. அதனால் காய்ச்சல் வந்தவர்களைத் தேடிப் பிரித்து வைத்தே சில மாதங்களில் அடக்கிவிட்டார்கள். எபோலாவும் அறிகுறி வந்த பிறகுதான் தொற்றும். இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு அனுப்பும் சடங்குகளில் அது நிறையப் பரவியது. தட்டம்மை வேறு ரகம். நோய் எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். நோயாளி வெளியேறி இரண்டு மணி நேரம் வரைகூட அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதாதீர்கள். உங்கள் பாத்திரங்களுக்கு இது தெரியாது. அவர்களுக்குத் தெரிவது வதந்தியும் எண்களும்தான். டேனியல் டெஃபோ 1665ன் லண்டன் பிளேக்கை வைத்து 1722ல் எழுதிய நூலில் கதைசொல்லி வாராவாரம் வரும் சாவுப் பட்டியலை வரிவரியாகப் படிக்கிறார். பிளேக் சாவு என்று தெரிந்தால் வீட்டையே பூட்டிவிடுவார்கள் என்பதால் குடும்பங்கள் வேறு நோயின் பெயரைச் சொல்லி எழுத வைக்கின்றன. இந்த வாரம் ஏன் இத்தனை பேர் சாதாரணக் காய்ச்சலில் செத்தார்கள் என்று அவர் யோசிக்கும் இடத்தில் வருகிற பயம், எந்தக் கிருமி வர்ணனையிலும் வராது. 1665ல் டெஃபோ ஐந்து வயதுப் பையன் என்பதையும் நினைவில் வையுங்கள். நேரில் பார்த்ததை எழுதியது போலிருந்தாலும் அது நாவலாசிரியரின் வேலை.

கதாநாயகிக்கு மட்டும் நோய் வரவில்லை. காரணம் சொல்ல வேண்டுமா?

அபூர்வ இரத்தம், மரபணு எல்லாம் வேண்டாம், படித்துப் படித்துப் புளித்துவிட்டது. ஃபாரோ தீவுகளில் 65 ஆண்டுகள் தட்டம்மையே இல்லாமலிருந்து 1846ல் திடீரென்று வந்தது. ஏறக்குறைய 7,800 பேர் இருந்த தீவுகளில் சுமார் 6,000 பேர் படுத்தார்கள். 1781ல் சிறுவயதில் அந்த நோய் கண்டு பிழைத்திருந்த கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் மட்டும் வரவில்லை. இதை அங்கே போய்ப் பதிவு செய்தவர் பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர்.

இதைவிட நல்ல கதைக்கரு எனக்குத் தெரியாது. ஊரே படுத்துக் கிடக்கிறது. நடமாடுவது எழுபது வயதுப் பாட்டிகள் மட்டும். அவர்கள்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும், பிள்ளைகளுக்குக் கஞ்சி புகட்ட வேண்டும். இதுவரை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

முதலில் எது நிற்கும்?

மின்சாரம் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் மின்சாரம் போனதை ஜனங்கள் பழகிய கண்ணால்தான் பார்ப்பார்கள், வந்துவிடும் என்று. தண்ணீர் நிற்கும்போதுதான் நம்பிக்கை போகும். அதை அவசரப்படாமல் எழுதுங்கள். மின்சாரம் போன அன்றும் குழாயில் தண்ணீர் வரும், மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வைத்தது. மறுநாள் அதே குடம் நிறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதற்கடுத்த நாள் குழாய் ஒரு முறை இருமும். காற்று வரும், துருநிறத்தில் கால் டம்ளர் தண்ணீர் வரும், அப்புறம் ஒன்றுமில்லை. ஆனாலும் வீட்டிலிருப்பவர்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை தானாகக் குழாயைத் திருகும், பல நாட்களுக்கு.

ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' (1949) நாவலில் இதை வேறு மாதிரி பயன்படுத்தியிருப்பார். ஆள் இல்லாத உலகத்திலும் குழாயில் வருஷக்கணக்கில் தண்ணீர் வருகிறது, அதனால் யாரும் கிணறு வெட்டக் கற்றுக்கொள்வதில்லை. ஒரு நாள் நிற்கிறது. தண்ணீர் வந்துகொண்டிருந்ததுதான் ஆபத்து என்பது அப்போதுதான் உறைக்கிறது.

எழுத்தாளர்கள் மறக்கும் சில: பெட்ரோல் கெட்டுப்போகும். பல மாதங்கள் தாங்கும், சில வருஷங்கள் தாங்காது. பத்து வருஷம் கழித்து நாயகன் காரில் சீறிப் பாய்ந்தால் வாசகர் சிரித்துவிடுவார். குளோரின் கலந்த ப்ளீச்சும் ஒரு வருஷத்துக்குள் வீரியம் இழக்கும், அதை நம்பித் தண்ணீர் சுத்தம் செய்ய முடியாது, கொதிக்க வைத்தாக வேண்டும். அதற்கு விறகு, விறகுக்கு ஆள். அப்புறம் மூக்குக்கண்ணாடி. உங்கள் பாத்திரங்களில் ஒருவருக்காவது தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடி உடைந்த அன்று அவர் காவலுக்கு லாயக்கில்லாதவர் ஆகிறார். அந்தக் குழு லாயக்கில்லாதவர்களை என்ன செய்கிறது?

மருந்து விஷயத்தில் எவ்வளவு துல்லியம் தேவை?

நிறைய. இங்கேதான் நாவல் பொய்யா மெய்யா என்று வாசகர் கண்டுபிடிப்பார்.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் இருந்தால் காலாவதித் தேதி வரை இருக்கும். வெளியே, சாதாரண அறை வெப்பத்தில், ஏறக்குறைய 28 நாள்தான் நம்பலாம். ஒரு நண்பரின் பிரதியில் ஒரு பெண் பத்து வயது மகனின் கடைசிக் குப்பியை ஈரத்துணி சுற்றி மண்பானைக்குள் வைத்திருப்பாள். காலையில் எழுந்ததும் துணியைத் தொட்டுப் பார்ப்பாள், ஈரம் இருக்கிறதா என்று. அப்புறம் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். வசனமே கிடையாது. அந்த நாவலில் நானூறு பக்கம் சண்டை இருந்தது. எனக்கு நினைவிருப்பது இந்த ஈரத்துணிதான். சண்டையில் இருநூறு பக்கத்தை வெட்டச் சொன்னேன், மனுஷர் கோபித்துக்கொண்டார்.

பூஞ்சையைச் சுரண்டிப் பென்சிலின் செய்யும் காட்சியும் அடிக்கடி வருகிறது. 1941ல் ஆக்ஸ்ஃபர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள், ஆய்வகம் எல்லாம் இருந்தும் தயாரித்தது போதவில்லை. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தை மீட்டெடுத்துத் திரும்ப ஏற்றினார்கள். ஆள் தேறி வந்தார், மருந்து தீர்ந்தது, இறந்துபோனார். உங்கள் நாயகர் சமையலறையில் ஒரு வாரத்தில் செய்துவிடுவாரா?

எளிய மருந்துகளும் உண்டு. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரை, அரைச் சிறுகரண்டி உப்பு. காலராவில் வற்றிக் கிடப்பவரை இது மீட்கும். 1971 வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, உடனிருந்த உறவினர்களையே புகட்டச் சொன்னார். மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்த சாவு, நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. உங்கள் உலகத்தில் சர்க்கரையைப் பூட்டி வைத்திருப்பவர் யார் என்று முடிவு செய்துவிட்டால், வில்லன் கிடைத்துவிட்டார்.

ஜாம்பி சேர்க்கலாமா?

சேர்க்கலாம், எனக்கு அனுப்ப வேண்டாம்.

மனிதர்கள் உடனே மிருகமாகிவிடுவார்கள், அதுதானே யதார்த்தம்?

பேரிடர்களை ஆராய்ந்த சமூகவியலாளர்கள், என்ரிகோ குவாரன்டெல்லி போன்றவர்கள், பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது வேறு. ஆபத்து வந்ததும் பெரும்பாலானவர்கள் தலைதெறிக்க ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைத்தான் முதலில் தேடுகிறார்கள். 1665ல் இங்கிலாந்தின் ஈயம் (Eyam) என்ற கிராமத்துக்கு லண்டனிலிருந்து வந்த துணியோடு பிளேக் வந்தது. நோய் வெளியே போகக் கூடாது என்று கிராமத்தார் தங்களையே அடைத்துக்கொண்டார்கள். எல்லைக் கல்லில் குழி செய்து, அதில் வினிகர் ஊற்றி, உள்ளே காசைப் போட்டுவிட்டு வருவார்கள். வெளியூர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த ஆண்டு நோய் அடங்குவதற்குள் சுமார் 260 பேர் செத்தார்கள்.

இதைச் சொன்னால் மனிதர்கள் தேவதைகளா என்று சண்டைக்கு வருவார்கள். இல்லை. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று பழி சுமத்தி யூதர்களை நூற்றுக்கணக்கில் எரித்தார்கள். பிளேக் அந்த நகரத்தை அப்போது எட்டக்கூட இல்லை. எரித்த பிறகு அவர்களிடம் வாங்கியிருந்த கடன்கள் தள்ளுபடியாயின. பசித்த கும்பல் செய்த வேலையல்ல அது. எதிர்த்த நகராட்சித் தலைவர்களை இறக்கிவிட்டு, புது நிர்வாகம் ஏற்று, நாள் குறித்துச் செய்தது. கொடுமைக்கு ஒழுங்கு இருக்கும், பதிவேடு இருக்கும், லாபம் இருக்கும். காட்டுமிராண்டிக் கூட்டம் பைக்கில் வருவதைவிட இது பயங்கரம்.

ஊர் எல்லையை மூடும் காட்சி எல்லா நாவலிலும் வருகிறது. புதிதாக என்ன செய்யலாம்?

மூடுவது பலிக்கும் என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். 1918 நவம்பரில் நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு கப்பலை மேற்கு சமோவாவில் இறங்கவிட்டார்கள். மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவா கப்பல்களைத் தடுத்தது. அங்கே அந்த நோய்க்கு ஒருவர்கூடச் சாகவில்லை. அதாவது கதவை மூடுபவர் முட்டாளோ கொடியவரோ அல்ல, அவர் சொல்வது சரி. சரியான காரணத்துக்காக மூடிய கதவைத் திறக்கும் அதிகாரம் ஒருவரிடம் போய்ச் சேர்கிறதே, அங்கிருந்து எழுதுங்கள். ரகூசா நகரம் (இன்றைய குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்) 1377ல் வெளியூர்க்காரர்களை 30 நாள் தள்ளி வைத்தது, பிற்பாடு 40 நாள் வழக்கமாகி 'குவாரன்டைன்' என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. உங்கள் ஊரில் நாற்பதாவது நாளை எண்ணுபவர் யார்? அவருக்கு லஞ்சம் கொடுக்க முடியுமா?

ஆய்வகத்திலிருந்து கிருமி தப்புவதாகத் தொடங்கலாமா?

நடக்காததல்ல. பெரியம்மை இயற்கையாகக் கடைசியில் வந்தது 1977ல், சோமாலியாவில். மறு ஆண்டே பிர்மிங்காமில் கிருமி வைத்திருந்த ஆய்வகக் கட்டடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் அதே நோயில் இறந்தார். தொடங்குங்கள், ஆனால் வெள்ளைக் கோட்டு, சிவப்பு விளக்கு, உடைந்த குப்பி வேண்டாம்.

நோய்க்குப் பிறகு பிறந்த குழந்தைகளை எப்படி எழுதுவது?

அவர்களுக்கு எதுவும் இழப்பில்லை என்பதை மறக்காமல். ஜாக் லண்டனின் 'ஸ்கார்லெட் பிளேக்' (1912) கதையில் 2013ல் வந்த நோயைப் பற்றி அறுபது ஆண்டு கழித்து ஒரு கிழவர் பேரன்களிடம் சொல்கிறார். ஒரு காலத்தில் பேராசிரியர் அவர். பையன்களுக்கு அவர் பேசும் சொற்களே புரிவதில்லை, நடுநடுவே கிண்டல் செய்கிறார்கள். பெரியவர்களுக்குச் சோகக்கதை, சின்னவர்களுக்குப் பாட்டன் பினாத்தல். இந்த இரண்டு காதுகளையும் ஒரே காட்சியில் வைத்தால் விளக்க வேண்டிய வேலை மிச்சம்.

கோவிட்டை அனுபவித்த பிறகு இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?

படிக்கிறார்கள். ஆனால் வாசகருக்கு இப்போது நிறையத் தெரியும். முகக்கவசம் காதை அறுப்பது, கண்ணாடி வழியாகக் கடைசியாகப் பார்ப்பது எல்லாம் அவருக்குப் பழக்கம். அங்கே பொய் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். எமிலி செயின்ட் ஜான் மாண்டலின் 'ஸ்டேஷன் இலெவன்' 2014லேயே வந்தது. பேரழிவுக்கு இருபது ஆண்டு கழித்து ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் குழுவைப் பற்றியது. புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு நான் கொடுப்பது அதுதான். திகில் தாங்கக்கூடியவர்களுக்கு ஜோசே சரமாகோவின் 'பிளைண்ட்னெஸ்' (1995).

தடுப்பூசி கண்டுபிடிப்பதோடு முடிக்கலாமா?

கண்டுபிடிப்பது பாதிதான். குளிர்பெட்டி இல்லாத உலகத்தில் அதை எப்படிக் கொண்டுபோவீர்கள்? 1803ல் ஸ்பெயின் மருத்துவர் பால்மிஸுக்கு இதே சிக்கல். பெரியம்மைத் தடுப்புப் பாலைக் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வழியில் கெட்டுவிடும். அதனால் 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றினார். இரண்டு பேருக்குக் கீறிப் போடுவது, ஒன்பது பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து எடுத்து அடுத்த இரண்டு பேருக்கு. இப்படியே கரை சேரும் வரை. பெரிய பையனுக்கே ஒன்பது வயது, சின்னவனுக்கு மூன்று. இசபெல் சென்டால் என்ற பெண் கூடவே போனார். கொப்புளத்தைச் சொறிந்துவிடக் கூடாது, முறை வராதவன் முறை வந்தவனோடு ஒட்டிப் படுத்துத் தொற்றிக்கொள்ளக் கூடாது. தொற்றினால் சங்கிலி அறுந்துவிடும்.

தடுப்பூசி போய்ச் சேர்ந்தது, எண்ணற்றோர் பிழைத்தார்கள். முடிவுரையாக எழுத நினைத்தால் எழுதுங்கள். நானாக இருந்தால் நாவலைக் கப்பலிலேயே தொடங்குவேன், இருபத்திரண்டாவது பையன் இன்னும் எத்தனை நாளில் தன் முறை என்று எண்ணிக்கொண்டிருக்கும் இரவில்.